சல்லடைக்காரிகளின் வேலைநிறுத்தம்

வெள்ளாங்கரையில் கருப்பட்டி மிட்டாய் போடுகிற நல்லபெருமாளின் இரண்டு சிறுநீரகங்களிலிருந்தும் சல்லடைக்காரிகள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தது, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இன்னும் மூன்றே நாள் இருந்த ஒரு சனிக்கிழமை காலை, திருச்செந்தூர் பஸ் போய்ப் புழுதி அடங்கிய நேரத்தில். அவர் அப்போதுதான் குளித்துவிட்டு ஈர முதுகோடு அடுப்படியில் நின்று முதல் ஈட்டுக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் என்னவோ ஊர்கிறதே, எறும்பாக இருக்கும் என்று துண்டை ஓங்கியவரின் கையை அவர் மனைவி பேச்சிக்கனி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"தட்டிராதீங்க, தட்டிராதீங்க. ஆளு இருக்கு."

ஆள்தான். எள்ளளவு எள்ளளவாகப் பெண்கள். தோலில் வாசலும் இல்லாமல் வடுவும் இல்லாமல், தண்ணீர் கசிகிற மாதிரி கசிந்து, வரிசை குலையாமல் இறங்கி, பெஞ்சில் பேச்சிக்கனி விரித்துப்போட்ட துண்டின் மேல் வந்து உட்கார்ந்தார்கள். நமக்கெல்லாம் இரண்டு கால் என்றால் அவர்களுக்குக் கணுக்காலுக்குக் கீழே கிளை கிளையாகப் பத்துப் பதினைந்து பாதம்; ஒருத்தியின் பாத இடுக்கில் அடுத்தவளின் பாதத்தைக் கோத்துத்தான் அவர்கள் நிற்பது, இருப்பது, நடப்பது எல்லாம். அப்படிக் கோத்த பாதங்களுக்கு நடுவே இருக்கிற சந்துதான் சல்லடை. ரத்தத்தில் வேண்டாத தண்ணீரை அந்தச் சந்து வழியே விட்டு, வேண்டிய சத்தை உள்ளேயே மறித்து வைப்பது அவர்கள் தொழில். துண்டில் காயப்போட்ட எள் மாதிரி பரவி உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்திலிருந்து மூத்தவள் ஒருத்தி எழுந்து, இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரிடம் பேசுகிற மரியாதையோடு வாயைத் திறந்தாள்.

"வீட்டுக்காரரே, கும்பிடுதோம். எங்களால முடியல. கால் கடுக்குது."

நல்லபெருமாள் அடுப்பைத் தணித்துவிட்டு, "என்ன குறை?" என்றுதான் கேட்டார். முப்பது வருஷம் கொடைச் சீசனைச் சமாளித்த மனிதர். கொடை நெருங்கும்போது வேலையாள் முறுக்கிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல.

"மேல இருந்து பாகு வந்துகிட்டே இருக்கு" என்றாள் மூத்தவள். "காலையில வருது, மத்தியானம் வருது, சாயங்காலம் வருது. நிக்க முடியாம வழுக்குது. பிடி விட்டவ விழுந்தா, விழுந்தவதான். காலையில நீங்க ஒண்ணுக்குப் போகும்போது சோப்புத் தண்ணி மாதிரி நுரை நிக்குதே, அது என்னன்னு நினைச்சீங்க? உங்க சத்துதான் கிழிசல் வழியாப் போகுது. அதோட எங்க ஆளுகளும் போறாங்க."

இந்த இடத்தில் நல்லபெருமாளின் சாப்பாட்டுச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். அவருக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். அன்றிலிருந்து அவர் சோற்றைக் குறைத்தார், கேப்பை ரொட்டிக்கு மாறினார், கல்யாண வீட்டில் பாயசத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். ஆனால் மிட்டாய் போடும்போது ஒவ்வொரு ஈட்டுக்கும் பாகில் சுண்டுவிரலை விட்டு நக்குவார், பொரித்து ஊறியதில் ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். ஒரு நாளைக்கு நாற்பது ஈடு. சாப்பாடு என்றால் உட்கார்ந்து, முன்னால் தட்டை வைத்துச் சாப்பிடுவது. நின்றுகொண்டு நக்குவது ருசி பார்ப்பது. ருசி பார்ப்பது தொழில். தொழில் எப்படி உடம்பில் சேரும்? போதாக்குறைக்கு அது கருப்பட்டி, சீனியா என்ன? கருப்பட்டி மருந்தல்லவா? இப்படி ஒரு கோட்டையைக் கட்டி அதற்குள் ஒன்பது வருஷம் நிம்மதியாகக் குடியிருந்தார்.

"நான் சாப்பிடுததே இல்லையே தாயி" என்றார் இப்போதும்.

துண்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பானை கொதிக்கப்போகும்போது வருமே, அந்தச் சத்தம் வந்தது.

பத்து மணிக்குள் தெருவே அடுப்படிக்கு வந்துவிட்டது. இதெல்லாம் எப்படி நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளாங்கரையில் வந்த ஆளிடம் முதலில் கேட்பது சாப்பிட்டாச்சா என்றுதான், அதையே கேட்டார்கள். ஒருத்தி சிரட்டையில் கஞ்சி கொண்டுவந்தாள், ஒருத்தி அரிசி மாவைத் துண்டைச் சுற்றித் தூவினாள், டீக்கடைக்காரர் பாட்டில் மூடியில் டீ ஊற்றி ஆற்றி வைத்தார். சல்லடைக்காரிகள் எதையும் தொடவில்லை. முகம் சுண்டிப்போன டீக்கடைக்காரரைப் பார்த்து மூத்தவள் சமாதானமாகச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி. எங்க சாப்பாடு எங்க வீட்டுக் குப்பைதான். நைஞ்ச கயிறு, பிஞ்ச பாய், உடைஞ்ச ஓடு எல்லாத்தையும் நாங்களே தின்னு, அதுலயே புதுக் கயிறு திரிச்சுக்கிடுவோம். அப்படித்தான் எங்க உடம்பும் கெட்டியா இருக்கும், வீடும் சுத்தமா இருக்கும். மேல இருந்து ஒண்ணும் வராத நேரம் கொஞ்சம் கிடைச்சாத்தான் குப்பையில கையை வைக்க முடியும். இவர் வீட்டுலதான் அந்த நேரமே கிடையாதே. குப்பை கழுத்து வரைக்கும் வந்திருக்கு."

இதைக் கேட்டுவிட்டுப் போன பெண்கள் ஆளுக்கொரு மாதிரி தங்கள் வீட்டைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊர் முழுவதும் வீட்டை ஒதுங்க வைத்துச் சுத்தம் செய்கிற சத்தம். பரணிலிருந்து காதறுந்த வாளிகள் இறங்கின, கட்டிலுக்கு அடியிலிருந்து ஓடாத மிக்சிகள் வந்தன, ஒரே வீட்டிலிருந்து கம்பி ஒடிந்த குடை மட்டும் பதினொன்று வந்தது. பஞ்சாயத்து டிராக்டர் மூன்று நடை போனது. பழைய சேலையைக் கிழித்து மிதியடி பின்னிய ஒருத்தி, அதைக் கொண்டுவந்து துண்டின் பக்கத்தில் வைத்து, "நானும் திரிச்சுட்டேன் தாயி" என்று காட்டிவிட்டுப் போனாள்.

அதோடு விட்டதா? எல்லோருக்கும் தங்கள் முதுகின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மனைவி முதுகில் புருஷனும் புருஷன் முதுகில் மனைவியும் காதை வைத்துக் கேட்டார்கள். ஆடியிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத இரண்டு தம்பதிகள் இந்தச் சாக்கில் ராசியானார்கள். "எங்க ஆளுக வெளியே வரலியே, அப்போ நல்லா இருக்காங்கன்னுதானே அர்த்தம்?" என்று ஒருவர் கேட்டதற்கு மூத்தவள், "வெளியே வந்து சொல்லுத வாய் எல்லாருக்கும் இருக்குமா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், சுகாதார நிலையத்து வாசலில் வரிசை மாரியம்மன் கோயிலைத் தாண்டிவிட்டது. மூத்திரம் பிடித்துக் கொடுக்கக் குப்பி போதாமல் ஊறுகாய் பாட்டில், தைலப் பாட்டில் என்று வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள். தங்களுக்கு நுரை போவதே தெரியாமல் பதினான்கு பேர் ஊரில் நடமாடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டர் ரெஜினா அத்தனை வேலைக்கு நடுவிலும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாலு வருஷமாக நல்லபெருமாளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவர். வாட்ச் ரிப்பேர்க்காரரின் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு துண்டின் முன்னால் மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவங்களைப் பத்தி நிறையப் படிச்சிருக்கேன்" என்றார். "நேர்ல இப்பத்தான் பார்க்கேன். அண்ணாச்சி, இதுல ஒருத்தி போனா அந்த இடத்துக்கு இன்னொருத்தி பிறக்க மாட்டா. தெரியுமா உங்களுக்கு?"

"உள்ள யாராவது இருக்காங்களா, இல்ல எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று பேச்சிக்கனி கேட்டாள்.

"நாலு ஆள் நிக்கிற இடத்துல ஒரு ஆள் நிக்குது மைனி" என்றாள் மூத்தவள். வீட்டுக்காரரிடம் காட்டாத உரிமையை அவளிடம் காட்டினாள். "செவ்வாய்க்கிழமை பொழுது சாயுத வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல எங்களாலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

பேச்சிக்கனி குனிந்து புருஷனின் காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்திய இடம் குழியாக விழுந்தது. விரலை எடுத்தும் குழி மேலே வரவில்லை. அவள் எழுந்து உள்ளே போய், அழுது, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

வேலைநிறுத்தம் என்று வந்துவிட்டால் வெள்ளாங்கரையில் கூப்பிடுவது பீடிச் சங்கத்து வடிவக்காவை. இலைக்கட்டு குறைந்தாலும் தூள் குறைந்தாலும் கம்பெனிக்காரர் முன்னால் முறம் போட்டு உட்கார்ந்து இருபது வருஷம் பேசியவள். அவள் பேச்சுவார்த்தைக்கு வந்தால் இரண்டு தரப்பும் ஜெயித்த மாதிரி நினைத்துக்கொண்டு போகும். வந்தவள் துண்டை ஒரு பக்கமும் நல்லபெருமாளை எதிர்ப் பக்கமும் உட்காரவைத்தாள். சல்லடைக்காரிகளின் கோரிக்கை மூன்று. டாக்டர் கொடுக்கிற மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது. விளக்கு வைத்த பிறகு மறுநாள் காலைச் சாப்பாடு வரைக்கும் மேலிருந்து ஒன்றும் வரக் கூடாது, அது அவர்கள் குப்பை தின்னும் நேரம். மூன்றாவது, விரலை நக்குவது அடியோடு நிற்க வேண்டும்.

முதல் இரண்டுக்கும் நல்லபெருமாள் தலையாட்டினார். "மாத்திரை அளவை நான் பார்த்துச் சொல்லுவேன், நீங்களாப் பட்டினி கிடக்கக் கூடாது" என்று டாக்டர் குறுக்கே ஒரு வார்த்தை போட்டார், அதற்கும் தலையாட்டினார். மூன்றாவதற்கு ஆட்டவில்லை.

"பதம் எனக்கு நாக்குலதான்க்கா இருக்கு" என்றார். "நாக்கு இல்லாம நான் போடுத மிட்டாயை ஊர் திங்குமா? அப்போ நான் யாரு? அடுப்புக்கு முன்னால நிக்கிற வெறும் ஆளு."

"உசிரு வேண்டாமா வே?" என்றாள் வடிவக்கா.

"வேணும். இதுவும் வேணும்."

வடிவக்கா எத்தனையோ முரட்டு முதலாளிகளைப் பார்த்தவள்தான். ஆனால் தன் நாக்குக்குத் தானே கூலியாளாக இருக்கிற ஒருவரை அவள் பார்த்ததில்லை. பேச்சுவார்த்தை ஞாயிறு சாயங்காலம் முறிந்தது. அதற்குள் நல்லபெருமாளுக்குக் கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு நாலு பேர் மிட்டாயை வாயில் போட்டுவிட்டு, பரவாயில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கொடைக்கு மிட்டாய் போட்டாக வேண்டும். வெள்ளாங்கரையில் அதற்கு ஒரு முறை உண்டு. முதல் ஈடு அம்மன் படையலுக்கு. படையலுக்குப் போகிற பொருளில் மனிதர் எச்சில் படக் கூடாது. அதனால் வருஷத்தில் அந்த ஒரே ஒரு ஈட்டுக்கு மட்டும் நல்லபெருமாள் வாயை மஞ்சள் துணியால் கட்டிக்கொண்டு, நக்காமல், கடிக்காமல், பாகு பொங்கும்போது கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். கண்ணைத் திறக்கும்போது பதம் வந்திருக்கும். ஊர் கூடி நின்று பார்க்கும். படையல் முடிந்து ஆளுக்கொரு துண்டு கிடைக்கும்போது, வருஷத்திலேயே ருசியான மிட்டாய் இதுதான் என்று ஊர் சொல்லும். அம்மன் கை பட்டதல்லவா என்று நல்லபெருமாளும் ஒவ்வொரு வருஷமும் மனசார ஒத்துக்கொள்வார்.

அன்றைக்கும் ஊர் கூடியது. எங்களுக்கும் பார்க்கணும் என்று சல்லடைக்காரிகள் கேட்டதால் வடிவக்கா துண்டோடு அவர்களைத் தூக்கி ஒரு முக்காலியில் வைத்தாள். நல்லபெருமாள் வாயைக் கட்டினார், கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி வாணலியில் விட்டார், சுக்கும் ஏலமும் போட்டார். பாகு பொங்கி வந்தது. அவர் கண்ணை மூடினார். பேச்சிக்கனி வழக்கம்போல இரண்டு பக்கமும் துணியைச் சுற்றி வாணலியைப் பிடித்து இறக்கினாள். அவர் கண்ணைத் திறந்தார். கம்பி இழுக்கிற பதம், மயிரிழை பிசகவில்லை.

"வீட்டுக்காரரே" என்று முக்காலியிலிருந்து மூத்தவள் கூப்பிட்டாள். "இப்போ நீங்க நக்கலியே. பதம் யாரு சொன்னா?"

நல்லபெருமாள் வாய்க்கட்டை அவிழ்த்தார். "அம்மன்."

"வாணலியை இறக்கினதும் அம்மனா?"

கூட்டம் மொத்தமும் பேச்சிக்கனியைத் திரும்பிப் பார்த்தது. முப்பது வருஷமாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த காரியம்தான், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பேச்சிக்கனி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, திருட்டு அகப்பட்ட மாதிரி நின்றாள்.

"பாகு முதல்ல சளசளன்னு பேசும்" என்றாள். "பதம் வந்ததும் பேச்சை நிறுத்திட்டு மூச்சு விடும். அந்தச் சத்தம் கேட்டது, இறக்கினேன்."

வடிவக்கா விடுவாளா? இன்னும் மூன்று ஈடு காய்ச்சச் சொன்னாள். பேச்சிக்கனியை அடுப்புக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து நிற்கவைத்தாள். மூன்று முறையும் அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே "இறக்கு" என்றாள். மூன்று முறையும் நல்லபெருமாள் இறக்கினார். மூன்று முறையும் பாகை விரலில் தொட்டு, நாக்குக்குக் கொண்டுபோகாமல், இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஒரே கம்பி. கூட்டத்தில் அந்தப் பாகில் ஊறிய மிட்டாயைத் தின்றவர்கள் பேசாமல் அடுத்ததற்குக் கை நீட்டினார்கள்.

நல்லபெருமாள் அப்படியே விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தது வெட்கம். காதுமடல் எரிந்தது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஒன்பது வருஷமாக, யாருக்கும் வேண்டாத ஒரு வேலையைச் செய்து தன் ஆட்களை ஒவ்வொருத்தியாகத் தள்ளிவிட்டிருக்கிறோம் என்பது அப்புறம் உறைத்தது.

"ஏளா பேச்சி, இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல" என்றாள் அவள். பிறகு ஊர் நிற்கிறதே என்றும் பார்க்காமல் சொன்னாள்: "விரலை நக்கிட்டுக் கண்ணை மூடி ஒரு தலையாட்டு ஆட்டுவீங்களே, அப்போ உங்க மூஞ்சி அவ்வளவு அழகா இருக்கும். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. அது உங்களை அரிச்சுத் தின்னும்னு தெரிஞ்சிருந்தா விரலை அன்னைக்கே ஒடிச்சிருப்பேன்."

நல்லபெருமாள்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு வந்த பிறகு உடம்பு லேசாக இருப்பது போலத் தோன்றியது. அடுப்புக்கு முன்னால் நிற்கிற வெறும் ஆளாக இருப்பது அத்தனை மோசமில்லை என்றும் தோன்றியது. எழுந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஊர் முன்னால் நின்று, "இனிமே பதம் பேச்சி சொல்லுவா, நான் இறக்குவேன்" என்றார். சங்க வழக்கப்படி வடிவக்கா அதை இன்னொரு தரம் சொல்லவைத்தாள்.

அதன் பிறகு அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் வேப்ப நிழலில் பெஞ்சில் குப்புறப் படுத்தார். முதுகுக்கும் துண்டுக்கும் இடையே பேச்சிக்கனி தன் உள்ளங்கையைப் பாலமாக வைத்தாள். சல்லடைக்காரிகள் பாதத்தில் பாதம் கோத்து வரிசையாக ஏறி, ஈரம் தோலில் இழுபடுகிற மாதிரி இரண்டு பக்கமும் உள்ளே போனார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. தும்மல் வந்துவிடக் கூடாதே என்று அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். தெருவில் ஒருவரும் சத்தமாக மூச்சு விடவில்லை.

கடைசியாக ஏறிய மூத்தவளிடம் அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "எத்தனை பேர் போயிட்டாங்க தாயி?"

"பாதிக்குக் கிட்ட."

"அவங்க வரவே மாட்டாங்களா?"

"போனவங்க போனவங்கதான்" என்றாள் மூத்தவள். "இருக்கவங்க காலைக் கொஞ்சம் அகட்டி வச்சுக்கிடுவோம். நாங்க முதல்ல குப்பையைத் திங்கணும், அதுக்குப் பிறகுதான் சல்லடை. பொறுத்துக்கிடுங்க."

கொடை நன்றாக நடந்தது, மிட்டாய் மதியத்துக்குள் தீர்ந்தது, நாலைந்து நாளில் கால் வீக்கம் வடிந்து செருப்பு ஏறியது. ஆனால் நுரை மட்டும் அப்படியே இருந்தது. அது நல்லபெருமாள் வீட்டு விஷயமாக மட்டும் நிற்கவில்லை; தினமும் காலை ஆறரைக்கு அவர் கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதும், டீக்கிளாசோடும் பல் துலக்குகிற குச்சியோடும் தெருவே பின்வாசலில் கூடிவிடும். "அப்படியேதான்" என்று உள்ளிருந்து குரல் வரும். கூட்டம் "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்று கலையும். ஒரு மாதம் அப்படியேதான். இரண்டு மாதம் அப்படியேதான். அவர் மாத்திரையைத் தவறவிடவில்லை, விளக்கு வைத்த பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை, அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது சுண்டுவிரலை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

மார்கழி பிறந்து எட்டாம் நாள் குரல் வரவில்லை. வெளியே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டீ ஆறியது. பேச்சிக்கனி கதவுக்குப் பக்கத்தில் போய், "ஏங்க" என்றாள்.

"பாதிதான்" என்று உள்ளிருந்து வந்தது.

"என்ன?"

"நுரை பாதிதான்ளா இருக்கு!"

"வே, குறைஞ்சது பாதியா, இருக்கது பாதியா? தெளிவாச் சொல்லும்!" என்று வடிவக்கா கத்தினாள்.

"ஏ அக்கா, ரெண்டும் ஒண்ணுதானே!"

அவர் சிரித்துக்கொண்டே அழுகிறாரா, அழுதுகொண்டே சிரிக்கிறாரா என்று வெளியே தெரியவில்லை. பேச்சிக்கனி மட்டும் கதவில் காதை வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். முழுசு இல்லாத எதையும் அதுவரை கொண்டாடியே அறியாத அந்தத் தெரு, பாதிக்காக வாய் நிறையச் சேர்ந்து குலவை போட்டது.